வெள்ளியங்கிரி மாமாவின் பெயரைத் திரையிலிருந்து படித்த கதை

கொங்கு நாட்டில் ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்த அவரைத் திட்ட வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை இரண்டு வரி கீழே அச்சடித்தால் போதும். பத்து வருஷத்துக்குத் தாங்கும். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவள். பெயரை முதல் வரியில் கொட்டை எழுத்தில் அச்சடித்து, அடுத்த வரியில் திட்டியும் வைத்தேன். அதுவும் ஒரு லாரி நிறைய.

வெள்ளியங்கிரி மாமா என் அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். ஊர் அந்தியூர். தோட்டம், மாடு கன்று, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் மூக்குக் கண்ணாடி. (கண்ணாடி பையில்தான் இருக்கும், மூக்குக்கு வராது. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது அவர் கொள்கை.) சோமனூரில் தறி ஓட்டும் என் சித்தப்பா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, மாமாவின் பெயரை அவருடைய பங்காளி ஒருவர் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார். அந்தப் பங்காளிக்கும் மாமாவுக்கும் வரப்புத் தகராறு. மாமா கல்யாணத்துக்கு வந்தார். மண்டப வாசலில் நின்றார். மொய்யை வைத்தார். சாப்பாட்டில் கை நனைக்காமல் திரும்பிப் போனார். எங்கள் பக்கம் இதற்கு மேல் ஒரு கண்டன அறிக்கை கிடையாது.

அன்றிலிருந்து அத்தைக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டது. பொங்கலுக்குக் கூட வருவதில்லை. சித்தப்பாவுக்கு அக்கா என்றால் உயிர். ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டார். "அச்சாபீஸ்காரன் தப்பு" என்பார். மாமாவோ "அச்சாபீஸ்காரனுக்கு என்ற பேரு தெரியுமா, எழுதிக் குடுத்தவனுக்குத்தானுங்க தெரியும்" என்பார். சட்டப்படி மாமா சொன்னதே சரி.

இந்தக் குடும்பச் சிக்கலுக்குள் கம்ப்யூட்டரோடு நுழைந்த புண்ணியவதி நான்.

அப்போது பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். அந்த வயதில், அந்தச் சம்பளத்தில் ஒரு மனுஷிக்கு எவ்வளவு திமிர் இருக்கலாமோ அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. கம்பெனியில் எல்லோரும் வண்ண வண்ணமாக ஜன்னல், பட்டன் என்று செய்துகொண்டிருக்க, நான் மட்டும் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் புரோகிராம்களை சி மொழியில் எழுதுவேன். "அதுதான் நிஜமான புரோகிராமிங்" என்று கேண்டீனில் உளுந்து வடையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வடையைத்தான் பார்த்திருப்பார்கள்.

சித்தப்பாவுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"ஏங்கண்ணு, துணியப் பேல் பேலாக் கட்டி அனுப்பறமல்ல, அது மேல ஒட்டறதுக்கு ஸ்டிக்கர் அடிக்கோணும். பேரு, மீட்டர், எத்தனை பேல், அவ்வளவுதான். ஒரு புரோக்ராம் போட்டுக் குடுக்கறயா?"

"போட்டுரலாங்க சித்தப்பா."

"வெளில கேட்டா யானை வெலை சொல்றாங்க. நீ நம்மூட்டுப் புள்ள." (சொந்தக்காரர்களுக்கு மென்பொருள் என்பது தோட்டத்து முருங்கைக்காய் மாதிரி. போகிறபோக்கில் நாலு பறித்துக்கொள்வார்கள்.)

போய்ப் பார்த்தேன். தறி ஓடும் கொட்டகையை எங்கள் பக்கம் குடோன் என்போம். வீட்டை ஒட்டிக் குடோன், குடோனை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ் அறை. அதில் பஞ்சு மூடிய ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். மவுஸ் பஞ்சு அடைத்துச் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கறுப்புத் திரை, கீபோர்டு மட்டும்! எனக்காகவே படைக்கப்பட்ட சூழ்நிலை.

இங்கே என் மகத்தான கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், எளிதுதான்.

சாதாரணமாக ஒருவர் கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால், புரோகிராம் அதைத் தன் நினைவில் ஓரிடத்தில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது அங்கிருந்து எடுக்கும். உலகம் பூராவும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் கறுப்புத் திரை புரோகிராம்களில் இன்னொரு வசதி உண்டு. திரையில் ஒரு கட்டத்தை ஜன்னல் என்று வைத்துக்கொண்டு அதில் எழுத்துகளை எழுதலாம். எழுதியதை அதே ஜன்னலிலிருந்து திரும்பப் படிக்கவும் செய்யலாம். எந்த வரி, எந்த இடம் என்று சொன்னால் போதும். அங்கிருந்து வலது ஓரம் வரை என்னென்ன எழுத்து கிடக்கிறதோ அத்தனையையும் வாரிக் கொடுத்துவிடும்.

இதைப் படித்த அன்று எனக்கு ஞானம் பிறந்தது. பெயர்தான் திரையிலேயே இருக்கிறதே, அதை எதற்கு இன்னொரு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்? தேவைப்படும்போது திரையிலிருந்தே படித்துக்கொண்டால் என்ன? இடம் மிச்சம், வேலை மிச்சம். முன்னோர்கள் முட்டாள்கள்.

பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஹேமாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவளும் என்னோடு சேர்ந்தவள்தான். ஆனால் அவளுக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய நகையை பீரோவில் வைக்கும் புத்தி. எனக்கு அதை முற்றத்தில் காயப்போடும் புத்தி.

"திரையில வேற ஏதாச்சும் இருந்தா அதுவும் சேந்து வருமேடி?" என்றாள்.

"வேற ஏன் இருக்கப் போகுது? நான்தானே எழுதறேன்?"

அதுதான் பிரச்சினை என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரையில் வேறு ஒன்று இருக்கத்தான் செய்தது. புரோகிராம் எழுதும்போது சோதனைக்காக நானே தப்புத் தப்பாக அடித்துப் பார்ப்பேன். தப்பாக அடித்தால் ஒரு செய்தி வர வேண்டுமல்லவா? கொஞ்சம் உற்சாகத்துக்காக, என்னை நானே திட்டிக்கொள்கிற மாதிரி அந்தச் செய்திகளை எழுதி வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில், அசல் தமிழில். மீட்டரில் எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தால், "எருமை பாத்து அடி". பேல் கணக்கைத் தப்பாக அடித்தால், "எருமை உனக்கெதுக்கு இந்த வேலை". எல்லாச் செய்தியும் எருமையில்தான் ஆரம்பிக்கும். அந்த நாட்களில் எனக்கும் எனக்குமான உறவு அப்படித்தான் இருந்தது. இவை திரையின் முதல் வரியில், வலது கோடியில் வரும். அதே முதல் வரியின் இடது பக்கம்தான் பெயர் வரும் இடம்.

சித்தப்பா இந்தப் புரோகிராமை வைத்து ஒரு பெரிய திட்டம் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்காமலே மச்சானைச் சமாதானம் பண்ணும் திட்டம். புதுக் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் திறப்பு விழா. திறந்து வைப்பவர் அந்தியூர் மாமா. முதல் ஸ்டிக்கரில் முதல் வரியில் அவர் பெயர். அவருக்கு மேலே கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. பத்திரிகையில் இறக்கிய பெயரை பேலில் ஏற்றிவிடுவது என்று கணக்கு.

அந்தியூருக்கு நேரில் போய் அழைத்தார். மாமா யோசித்தாராம். "என்ற பேரு எந்த வரியில வரும்?" என்று கேட்டாராம். "மொத வரிங்க மச்சான். உங்களுக்கு மேல வெறும் காயிதந்தான்" என்றாராம் சித்தப்பா. மாமா ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா எனக்கு இதைச் சொன்னபோதுதான் என் எருமைகள் ஞாபகத்துக்கு வந்தன. இத்தனை எருமைகளோடு ஒரு புரோகிராமைப் பெரியவர் முன்னால் காட்ட முடியாதே! எல்லாவற்றையும் தேடி நீக்கியிருக்கலாம். முறையான வேலை அதுதான். ஆனால் அவை புரோகிராம் பூராவும் இறைந்து கிடந்தன. ஒன்றை நீக்கினால் இன்னொன்று முறைத்தது. விழா அன்று காலை, பீளமேட்டில் பஸ் ஏறுவதற்கு முன்னால், எனக்கு இரண்டாவது ஞானம் பிறந்தது. செய்திகள் எல்லாம் சிவப்பு நிறத்தில் வந்துகொண்டிருந்தன. அந்த நிறத்தை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து! எருமைகள் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. (இருட்டில் எருமை. அதுவே ஒரு எச்சரிக்கை என்று அப்போது தோன்றவில்லை.)

மாற்றினேன். தப்பாக அடித்துப் பார்த்தேன். கீச் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. திரையில் ஒன்றும் இல்லை. எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன். அதோடு ஸ்டிக்கரையும் ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். பிரிண்டர் சோமனூரில் இருந்தது, நான் பீளமேட்டில் இருந்தேன். அறிவு இரண்டு இடத்திலும் இல்லை.

விழா பிரமாதமாகத்தான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்குக் குங்குமம், மானிட்டருக்கு மாலை. (மாலை திரையை மறைத்ததால் மேலே தூக்கிவிட்டோம்.) பிரிண்டர் பேல் கட்டும் இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். ராகு காலத்துக்கு முன்னால் லோடு கிளம்ப வேண்டும் என்பதால் லாரி பின்பக்கம் தயாராக நின்றது. சமையல்காரர் கேசரியைக் கிண்டிக்கொண்டிருக்கும் வாசனை ஆபீஸ் அறை வரை வந்தது.

மாமா காரிலிருந்து இறங்கினார். பின்னாலேயே அத்தை. அத்தை உள்ளே வந்ததும் வீட்டுப் படிக்கட்டு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சித்தப்பாவின் கன்னத்தையும் அப்படியே தொட்டார். "எளைச்சுப் போயிட்டயே சாமி" என்றார். சித்தப்பா எந்தப் பக்கமும் இளைக்கவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த விழா எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாங்க மாமா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மாமா உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டி, கீபோர்டை கோழி தானியம் தேடுவதுபோல் தேட ஆரம்பித்தார்.

"ஏன் அம்மணி, ஏ-க்குப் பக்கத்துல பி இல்லியே?"

"அது அப்படித்தானுங்க மாமா."

"இதையும் அந்த அச்சாபீஸ்காரன்தான் செஞ்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார். பனி உருகுகிறது என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளியங்கிரி என்பது நீளமான பெயர். அன்றைக்கு அது இன்னும் நீளமாக இருந்தது. அடித்து முடித்ததும் ஒரு கைதட்டல். அடுத்து மீட்டர். மாமா எண்ணை அடித்துவிட்டு, முறையான மனிதர் என்பதால், பக்கத்தில் மீட்டர் என்பதற்கு எம் என்று ஒரு எழுத்தையும் சேர்த்தார். கீச் என்றது. அந்தக் கட்டம் காலியானது.

"எண் மட்டும் போதுங்க மாமா" என்றேன். என் புரோகிராம் தப்பைப் பிடித்துவிட்டது என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன். தப்பைப் பிடித்த கையோடு அது திரையின் மூலையில், கறுப்பின் மேல் கறுப்பாக, என்ன எழுதி வைத்தது என்பதை மறந்தே போனேன்.

மாமா திருத்தி அடித்தார். பேல் கணக்கு ஒன்று என்று அடித்தார். கடைசிப் பொத்தானை அத்தையும் அவரும் சேர்ந்து அழுத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் கர்ரென்றது. சித்தப்பா ஏற்பாட்டின்படி மேஸ்திரி அந்த முதல் ஸ்டிக்கரை வெற்றிலைத் தட்டில் வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

மாமா அதைத் தூரத்தில் பிடித்தார். பிறகு கிட்டத்தில் பிடித்தார். கண்ணாடி பையில் பத்திரமாக இருந்தது.

"நீயே படி" என்று அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பார். "வெள்... ளியங்... கிரி." மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எருமை," என்று படித்தார் அத்தை. "பாத்து... அடி."

மேஸ்திரி தட்டிலிருந்த சாமந்திப் பூவை நேராக்கி வைத்தார்.

ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஜன்னலிலிருந்து எழுத்தைத் திரும்பப் படிக்கும்போது எழுத்து மட்டும்தான் வரும். அது சிவப்பா, கறுப்பா, கண்ணுக்குத் தெரிந்ததா என்றெல்லாம் அது பார்க்காது. பெயரில் ஆரம்பித்து வலது ஓரம் வரை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்டிக்கர் அகலம் போதாததால் பெயர் மேல் வரியிலும் எருமை கீழ் வரியிலுமாக, ஏதோ நான் உட்கார்ந்து வடிவமைத்த மாதிரி, நடுவில் அழகாக நின்றது.

"எருமைன்னா?" என்றார் மாமா.

சித்தப்பா ஒரு வியாபாரி. அந்தச் சிக்கலிலும் அவருக்கு வாய் எழும்பியது.

"அது குவாலிட்டி பேருங்க மச்சான்! புதுசா ஒரு துணி போட்டிருக்கோம். எருமை மாதிரி ஒழைக்கும். அதனால எருமை குவாலிட்டி."

"பாத்து அடி?"

"லோடு ஏத்தறவங்களுக்குங்க. பாத்து அடுக்குன்னு. அடுக்குங்கறது கொஞ்சம் தேஞ்சுபோச்சு."

மாமா ஸ்டிக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, நம்பமாட்டீர்கள், அவர் முகம் மலர்ந்தது. "எருமை நல்ல பேருதான்" என்றார். "ஒழைக்கறதுல அதை மிஞ்சின சீவன் ஏது? எங்க தோட்டத்துல மூணு நிக்குது. பசுமாட்டுக்குத்தான் பேரு. பாலு பூராம் எருமைதான் குடுக்குது." அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்துப் பழகிய மனிதர். எருமையை யாராவது மதித்தால் அவருக்குச் சந்தோஷம்.

நான் அப்போதே கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். மூன்றையும் செய்யாமல் தப்பித்த மகிழ்ச்சியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்ல நேரம் இருக்கறப்பவே எல்லாப் பேலுக்கும் நானே அடிச்சுக் குடுத்துர்றேன்" என்றார் மாமா, விரலைச் சொடுக்கிக்கொண்டு.

"நான் அடிக்கறனுங்க மாமா!" என்று பாய்ந்தேன்.

"அட இரு அம்மணி. இப்பத்தான் கை வசப்படுது."

இரண்டாவது முறை எல்லாம் சரியாகப் போனது. பெயர் சரி. மீட்டர் சரி, எம் இல்லை. பேல் கணக்கு நாற்பது. மாமா நாலை அடித்தார். பிறகு சைபரைத் தேடினார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு ஓ என்ற எழுத்தும் சைபரும் ஒன்றுதானே. ஓவை அழுத்தினார்.

கீச்.

"எண் மட்டும்... தெரியும் தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, திருத்தி அடித்து, நான் கையைப் பிடிப்பதற்குள் கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டார். அந்தப் பக்கம் பிரிண்டர் கர்ர், கர்ர், கர்ர் என்று ஓட ஆரம்பித்தது. அது எனக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது.

நான் வெளியே ஓடினேன். வாசலில் வெற்றிலைத் தட்டோடு மேஸ்திரி எதிரே வந்தார். அவரை மறிக்கலாமா, பிரிண்டரை நிறுத்தலாமா என்று நான் திணறிய நேரத்தில் தட்டு உள்ளே போய்விட்டது. நானும் அதன் பின்னாலேயே திரும்பி வந்தேன். தட்டிலிருந்து எடுத்து விழுங்கிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது.

அத்தை இப்போது தைரியமாகவே படித்தார். பழகிவிட்டதல்லவா.

"வெள்ளியங்கிரி. எருமை." ஒரு மூச்சு. "உனக்... கெதுக்கு... இந்த வேலை."

இதற்குச் சொல்லச் சித்தப்பாவிடம் எந்தக் குவாலிட்டியும் கிடையாது.

முதலில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அத்தை முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பீறிட்டுக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏனுங்க," என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "இதையேதானுங்க நானும் கலியாணமான நாள்லருந்து உங்களைக் கேக்கறேன்!"

மாமா எழுந்தார். மாலை போட்ட மானிட்டரை ஒருமுறை பார்த்தார்.

"அது... அது நான் எனக்கே எழுதிக்கிட்டதுங்க மாமா" என்றேன். உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"உன்ற பேரு வெள்ளியங்கிரியா கண்ணு?"

நான் சித்தப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கூப்பிட்டு உக்கார வெச்சு, என்ற கையாலயே அடிக்க வெச்சு..." என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். "பத்திரிகையே தேவலை மாப்பள." வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். கேசரி அப்போதுதான் இறக்கியிருந்தார்கள்.

"வா, போலாம்" என்றார் அத்தையிடம், திரும்பிப் பார்க்காமல்.

அத்தை அசையவில்லை. "நீங்க போங்க" என்றார். "உங்களுக்கும் இவனுக்கும் நடுவுல நான் பட்டினி கெடந்தது போதும். சாப்பிட்டுப்போட்டு, என்ற தம்பி ஊட்டுல நாலு நாளு இருந்துபோட்டு வாரேன்."

மாமா கார்க் கதவைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அத்தை இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. நாங்களும் கேட்டதில்லை. அப்புறம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இந்தக் கலவரத்தில் லாரியை எல்லோரும் மறந்துபோனோம். லாரி எங்களை மறக்கவில்லை. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்ற உத்தரவை மட்டும் பிடித்துக்கொண்டு, பேல் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரை ஒட்டி, ஏற்றி, அனுப்பியும்விட்டார்கள். வெள்ளியங்கிரி மாமாவைப் பார்த்து உனக்கெதுக்கு இந்த வேலை என்று கேட்டபடி நாற்பது பேல்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தன.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. தட்டில் கேசரியை வைத்து என்னிடம் நீட்டி, "சாப்பிடு கண்ணு" என்றார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அன்று நான் தின்ற கேசரிபோல் கசப்பான ஒன்றை அதற்குப் பிறகு தின்றதில்லை. மறுநாள் ஹேமாவிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. அதன்பின் உட்கார்ந்து, பெயரை நினைவில் எடுத்து வைக்கும்படி மாற்றினேன். எருமைகளையும் ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினேன். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

சில வாரங்கள் கழித்து சித்தப்பாவுக்கு வடக்கிலிருந்து, அந்த லோடை வாங்கிய வியாபாரி போன் செய்தார். அரைகுறைத் தமிழ் பேசுபவர்.

"அண்ணாஜி, அந்த வெள்ளியங்கிரி எருமை மால் இன்னும் இருக்கா?"

"அப்படி ஒரு சரக்கே இல்லீங்களே" என்றிருக்கிறார் சித்தப்பா.

"இருக்கு அண்ணாஜி, லேபல் இருக்கு! நல்லா போகுது. இங்க எல்லாரும் எருமை குடு, எருமை குடுன்னு கேக்குறான். அதே மால், அதே லேபல் வேணும்."

அது வழக்கமாக அனுப்பும் அதே வெளுக்காத காடா துணிதான். ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு. பின்னால் இருந்த 'உனக்கெதுக்கு இந்த வேலை'யை ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆக மாமாவிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும். சித்தப்பா அந்தியூருக்குக் கிளம்பினார். "நீயும் வா, நீதான செஞ்சுபோட்ட" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமா மாடு கட்டும் கட்டுத்தறியில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். எங்களை வாங்க என்று சொன்னார். (அது கொங்கு நாட்டில் எதிரிக்கும் உண்டு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.) சித்தப்பா நடந்ததைச் சொன்னார். கடைசியில், யாரும் எதிர்பாராதபடி, "பத்திரிகை விசயத்துல தப்பு என்றதுதானுங்க மச்சான். நாந்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். இவ்வளவு அவமானத்துக்கு அப்புறம் மன்னிப்பு என்பது சின்ன விஷயமாகிவிட்டது போலிருக்கிறது.

மாமா வாளியைக் கீழே வைத்தார். எருமை குடித்து முடிக்கும் வரை அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார்.

"வடக்க எத்தனை ஊருக்குப் போகுது?"

"நெறைய ஊருங்க."

"எல்லாத்துலயும் மொத வரியா?"

"மொத வரிங்க."

"எழுத்து எத்தனை பெருசு?"

சித்தப்பா கட்டை விரலைக் காட்டினார். மாமா தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த எதுக்கு வேலைங்கறதை எடுத்துப்போடோணும்" என்றார் என்னிடம்.

"எடுத்தாச்சுங்க மாமா. எருமையையும் எடுத்துட்டேன்."

"எருமை ஏன்? அது இருக்கட்டும்" என்று அதன் முதுகைத் தட்டினார். "கௌரதையான சீவன்."

உள்ளேயிருந்து அத்தை இலை போட்டுவிட்டதாகக் குரல் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இன்றைக்கு நான் பீளமேட்டில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது திரையிலிருந்து எழுத்தைத் திரும்பப் படிக்கிறேன் என்று ஆரம்பித்தால் என் முகம் போகிற போக்கைப் பார்த்தே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆபீஸில் எனக்கு மரியாதை உண்டு. குடும்பத்தில் கிடையாது. என் கையால் எழுதியது எதுவாக இருந்தாலும், பிறந்தநாள் வாழ்த்தோ வாட்ஸப் செய்தியோ, சொந்தக்காரர்கள் அதன் காலி இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சித்தப்பா மகள் தன் குழந்தைக்கு, "பெரியம்மா எழுதாம விட்ட எடத்தைப் படி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் மாமாவுக்குப் பிறந்தநாள். பேரன் பேத்திகள் எல்லாம் கூடியிருந்தார்கள். கேக் வாங்கும் பொறுப்பு என்னுடையது. கோயம்புத்தூரிலிருந்து நல்ல சாக்லேட் கேக்காகப் பார்த்து வாங்கிப் போனேன். மேலே ஒரு எழுத்தும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாட ஆரம்பித்தார்கள். மாமா கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, என் வாழ்க்கையில் நான் பார்க்க முதல் முறையாக, மூக்கில் மாட்டினார். கேக்குக்குக் கிட்டே குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். தட்டைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். டார்ச் அடிக்கச் சொல்லி ஓரத்தையும் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "வெறும் கேக்குதானுங்க, தைரியமாத் திங்கலாம்" என்று அறிவித்துவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுத்தார்.